ஓட்டில்லாதவர்களின் கட்டடம்

ஆகஸ்ட் 15, காலை பதினோரு மணி. சமுதாயக் கூடத்தில் கிராம சபைக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டுக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய், வாசலில் விளையாடும் பிள்ளைகளின் கன்னத்துக்குள் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. மேசைமேல் தீர்மானப் புத்தகம். ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் கைபேசியில் படம் எடுக்கிறார். ஊராட்சிச் செயலர் எழுந்து கூட்டப் பொருளை வாசிக்கத் தொடங்குகிறார். வரவு செலவு, குடிநீர், டெங்கு தடுப்பு, நூறு நாள் வேலை என்று மூச்சு விடாமல் போகிற பட்டியலில், கடைசிக்குச் சற்று முன்னால் அங்கன்வாடிப் பராமரிப்பு என்று ஒரு வரி வருகிறது. அதற்குள் கூட்டத்தில் பாதிப் பேர் தெருவிளக்குச் சண்டையில் இறங்கியிருக்கிறார்கள்.

நான் போயிருந்த ஊரில் அந்த வரிக்கு ஒரே ஒரு குரல் எழுந்தது. இடுப்பில் பிள்ளையோடு பின்வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டார். “பால்வாடிக்குக் கக்கூஸ் கட்டி மூணு வருசமாச்சு. தண்ணி லைன் எப்பக் குடுப்பீங்க?”

தலைவர் கோபப்படவில்லை. “அது ஐ.சி.டி.எஸ். சமாச்சாரம்க்கா. நம்மகிட்ட இல்ல. எழுதிப் போட்டிருக்கோம்” என்றார். செயலர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பால்வாடியைப் போய்ப் பார்த்தேன். விடுமுறை, பூட்டியிருந்தது. சுவரில் யானை, கிளி, அ, ஆ. பக்கத்திலேயே ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி. தொட்டியிலிருந்து கழிப்பறைக் கதவுவரை நடந்து பார்த்தேன், பதினெட்டு எட்டு. அந்தத் தொட்டி ஊராட்சியுடையது. மோட்டார் போடுகிறவருக்கு ஊராட்சிதான் சம்பளம் தருகிறது. இருந்தும் அந்தப் பதினெட்டு எட்டு ‘நம்மகிட்ட இல்ல’.

அப்படியானால் யாரிடம் இருக்கிறது?

சட்டத்தைக் கேட்டால் பதில் நேராக வரும். 1992-ல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்கள் என்று 29 இனங்களைப் பதினோராவது அட்டவணையில் அடுக்கியது. அதில் 25-வது பெண்கள், குழந்தைகள் மேம்பாடு. 29-வது சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது. பால்வாடிக் கட்டடம் இந்த இரண்டிலும் வரும். ஆனால் எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதைத் திருத்தம் மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் அது மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. டீச்சரின் சம்பளம், அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு எல்லாம் சமூக நலத்துறையின் கீழுள்ள ஐ.சி.டி.எஸ். என்கிற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பு. கட்டடம் எழுப்புவதும் மதிப்பீடு போடுவதும் ஊரக வளர்ச்சித் துறையின் ஒன்றியப் பொறியாளர். இடம், தண்ணீர், குப்பை, சுற்றிலும் மண்டும் புதர் ஆகியவை ஊராட்சிக்கு. மூன்று வீட்டுக்குச் சொந்தமான மாட்டுக்கு யாரும் தண்ணீர் காட்டுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் பெருமைப்பட நிறையவே உண்டு. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. 1980-ல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதந்தோறும் கைக்குழந்தைகளை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடித்துத் தனியாகச் சத்துணவு கொடுத்த முறை அங்கிருந்துதான் பரவியது. 1982 ஜூலை 1-ல் திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தட்டு வைக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் இருப்பவை ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். அநேகமாக, நடந்து போகிற தூரத்தில் பால்வாடி இல்லாத கிராமம் இல்லை.

சோறு முதலில் வந்தது, கூரை பின்னால் வந்தது. கோயில் மண்டபம், சாவடி, மரத்தடி, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை என்று கிடைத்த இடத்தில் பால்வாடி நடந்தது. கட்டடம் பிறகு, கிடைத்த பணத்தில், கிடைத்த நிலத்தில் எழுந்தது. இந்தக் ‘கிடைத்த’ என்ற சொல்லில்தான் ஊராட்சியின் முடிவு ஒளிந்திருக்கிறது.

கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்தோ வரும். நிலத்தை ஊர்தான் காட்டவேண்டும். ஊர் நடுவில் சென்ட் விலை ஏறிக் கிடக்கிறது, இலவசமாகக் கொடுப்பாரில்லை. ஆகவே புறம்போக்கு. புறம்போக்கு எங்கே இருக்கும்? கண்மாய்க் கரை, ஓடை ஓரம், மயானப் பாதை. மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நிற்கும், புதரிலிருந்து பாம்பு வரும். மேப்பில் ஊரிலிருந்து ஐந்நூறு மீட்டர்தான் என்பார் பொறியாளர். மூன்று வயதுக் காலுக்கு ஐந்நூறு மீட்டர் எவ்வளவு என்று மேப் சொல்லாது. தாய்க்குக் காலையில் நூறு நாள் வேலையோ பூப்பறிப்போ இருந்தால், அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஆளில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும், பாயில் பிள்ளை இருக்காது.

அதைவிடக் கனமான கேள்வி, எந்தத் தெரு என்பது. ஊர்ப் பக்கம் கட்டினால் மறுபக்கத்துப் பிள்ளைகள் வாசலில் தயங்கும். மறுபக்கம் கட்டினால் ஊர்ப் பிள்ளைகள் வேனேறி நர்சரிக்குப் போய்விடும். இதைத் தீர்மானப் புத்தகத்தில் யாரும் எழுதமாட்டார்கள். ‘இடவசதி கருதி’ என்றுதான் எழுதுவார்கள். காலனி என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏட்டில் சொல் அழிந்தாலும், கட்டடம் எங்கே நிற்கிறது என்பது நெடுங்காலத்துக்கு அழியாது. இரண்டு தெருவும் சேருகிற இடத்தில் பால்வாடி வைக்கலாம் என்று ஒரு தலைவர் துணிந்தால், அது அவர் பதவிக்காலத்தின் பெரிய முடிவு. அதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட அதிகமில்லை.

சட்டத்தின் பக்கபலமும் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான கட்டளை போட்டது: ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு எதுவானாலும், மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தரவேண்டும். 400 முதல் 800 பேர் வரை உள்ள ஊருக்கு ஒரு முழு மையம், 150 முதல் 400 பேருக்கு ஒரு குறு மையம் என்பது வழக்கமான கணக்கு. ‘கேட்டால்’ என்பதைக் கவனியுங்கள். கேட்கவேண்டிய இடம் கிராம சபை.

இப்போது பக்கத்துக் கட்டடத்தைப் பார்ப்போம். சமுதாயக் கூடம் என்றால் ஊருக்கே ஒரு மினுமினுப்பு வந்துவிடும். எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி கேட்டு மனுப் போடலாம். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கலாம். காதுகுத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வாடகைக்கு விடலாம். சொந்த வருமானம் இல்லாத ஊராட்சிக்கு அது ஒரு வழி. கூடத்தைக் குறை சொல்லவில்லை. மண்டபத்துக்கு ஐம்பதாயிரம் கொடுக்க முடியாத வீட்டின் கல்யாணம் அங்கேதான் நடக்கிறது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தபோது, பல சாதியினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் அந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கூடம் என்பதும் சேர்ந்தே இருந்தது. கூடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய எண்ணம் இருக்கமுடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சிக்கல், பால்வாடிக்கு வாடகை வராது என்பதில் இருக்கிறது. கல்வெட்டு வைத்தாலும் அதைப் படிக்கிற வயது அங்கே யாருக்கும் இல்லை. சில ஊர்களில் பால்வாடிக் கட்டடம் பழுதானதும் பிள்ளைகளைத் தற்காலிகமாகச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றுவார்கள். தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீளும். முகூர்த்த நாளில் பந்தல்காரர் வந்துவிட்டால், டீச்சர் எடை மெஷினையும் அரிசி மூட்டையையும் மூலையில் ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான். வைகாசியும் ஆவணியும் பால்வாடிக்கு அரைநாள் மாதங்கள்.

நல்ல கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. குறைந்தது 600 சதுர அடி. பிள்ளைகள் உட்கார ஓர் அறை, தனியாகச் சமையலறை, பொருள் வைக்க இடம், பிள்ளைகள் உயரத்துக்குக் கழிப்பறை, விளையாட இடம், குடிநீர். ஒன்றிய அரசு ஒரு கட்டடத்துக்கு வகுத்த தொகை 12 லட்சம். அதில் 8 லட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து, 2 லட்சம் 15-வது நிதிக்குழு மானியத்திலிருந்து, மீதி 2 லட்சம் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் மாநிலமும் பகிர்ந்து தருவதாக இருந்தது. மூன்று குழாயில் வருகிற பணம் ஒரே நேரத்தில் வராது. சிமென்ட், கம்பிக்கான பணம் தாமதமானால் கட்டடம் லிண்டல் மட்டத்தில் ஆடிமழையையும் ஐப்பசிமழையையும் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பராமரிப்பை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சமையல்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதன்பிறகுதான் பிள்ளைகள் உட்காரும் இடங்களிலிருந்து கீற்று இறங்கியது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், மாநிலம் முழுவதும் பாழடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடித்தது சரி. இடித்த இடத்தில் புதிது வருகிறவரை சின்னப் பிள்ளைகள் எங்கே உட்காரும் என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்யவேண்டியிருந்தது. முடிவு செய்யாத ஊர்களில் அது மறுபடியும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை.

முடிவு எடுக்க ஆள் வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. விழுப்புரம், நெல்லை, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். அந்த ஒன்பது மாவட்டங்களில் 2016-ல் பிறந்த பிள்ளை பால்வாடியில் சேர்ந்து, பாட்டுப் படித்து, சோறு உண்டு, முதல் வகுப்புக்குக் கிளம்புகிறவரை அதன் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. தனி அலுவலர்தான் கையெழுத்துப் போட்டார். 2025 ஜனவரியில் மற்ற மாவட்டங்களின் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்கள். அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். தலைவரிடம்தான் வீட்டு வாசலில் நின்று சண்டை போடலாம்.

நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முடிவை மாற்றும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டங்களில் ஆய்ந்து 2004-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. பெண்கள் எதைப் பற்றி அதிகம் புகார் சொன்னார்களோ அதற்கே பணம் போயிருந்தது. தமிழ்நாட்டில் இன்று பாதி இடங்கள் பெண்களுக்கு. மனைவி பெயரில் கணவர் நாட்டாமை செய்யும் ஊர்கள் இருக்கின்றன. அதையும் மீறி, குடத்தோடு நின்று பழகியவர் தலைவரானால் குழாயின் கணக்கு அவருக்கு வேறாகத்தான் தெரியும்.

பக்கத்து மாநிலத்தில் வேறொரு வழி இருக்கிறது. 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கிய கேரளம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. அங்கன்வாடிகளும் ஊராட்சிகளிடம் போயின. பிள்ளைகளின் உணவுக்குக்கூட ஊராட்சி தன் திட்டத்தில் பணம் ஒதுக்குகிறது. அங்கே தலைவர் ‘நம்மகிட்ட இல்ல’ என்று சொல்லமுடியாது.

சட்டம் மாறுகிறவரை காத்திருக்கத் தேவையில்லை. கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறாயிற்று. பொத்தாம்பொதுவாகப் ‘பராமரிப்பு’ என்று எழுதவிடாமல், எந்த வேலை, எந்த நிதி, எந்தத் தேதி என்று மூன்றையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம். பிள்ளைகள் எத்தனை, எடை குறைந்தது எத்தனை என்று டீச்சரைச் சபையில் வாசிக்கச் சொல்லலாம். பழைய நான்கு நாளும் விடுமுறை, பால்வாடி பூட்டியிருக்கும். நவம்பர் 1 அப்படியில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் ஒருநடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்த ஊருக்கு மறுபடி போனபோது தண்ணீர் லைன் வந்திருந்தது. அந்த அக்கா அடுத்தடுத்த இரண்டு சபையிலும் விடாமல் கேட்டாராம். பதினெட்டு எட்டுக்கும் பைப் பதித்து, கழிப்பறைச் சுவரில் பளபளவென்று ஒரு குழாய். கொத்தனார் தன் இடுப்பு உயரத்துக்கு வைத்திருந்தார். கையைத் தூக்கி நின்றாலும் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. ஆயாம்மா எங்கிருந்தோ இரண்டு ஹாலோ பிளாக் கல்லைக் கொண்டுவந்து கீழே போட்டிருந்தார். ஒரு பெண் குழந்தை அதில் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாயைத் திருகிக்கொண்டிருந்தது.