கோடையில் உறங்கும் செங்காந்தள்

மாசி பிறந்ததும் செங்காந்தட்கொடி பழுத்து வாடி மண்ணோடு சாய்ந்துவிடுகிறது. செடி பட்டுப்போயிற்றென்று மனந்தளர்வோர் நம்முள் பலர். பங்குனி வெயிலைக் கண்டு இரக்கங்கொண்டு தண்ணீர் வார்ப்போரும் உண்டு. ஓராண்டு நாமும் அவ்வாறே செய்தோம். ஆனியில் பாத்தியைக் கிளறியபோது கிழங்குகளுள் பெரும்பகுதி அழுகிக் கிடந்தன. அவற்றைக் கெடுத்தது வெயிலன்று. நாம் வார்த்த தண்ணீரே.

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றெல்லாம் வழங்கும் இக்கொடியின் மலரே தமிழ்நாட்டின் மாநில மலராகும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலில் நிற்பதும் காந்தளே. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் முதலிய பகுதிகளில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர். விதையிலுள்ள கொல்சிசின் என்னும் பொருள் கீல்வாத மருந்தாகப் பயன்படுகிறது.

இக்கிழங்கு கலப்பை போல் இரு கவடாக வளைந்திருக்கும். மழைக்காலத்தில் பழைய கிழங்கு தன் சத்தையெல்லாம் கொடிக்கு அளித்துச் சுருங்க, அதனிடத்தில் புதுக்கிழங்கு திரள்கிறது. கோடை அதற்கு ஓய்வுக்காலம். அப்போது நிலம் உலர்ந்திருத்தல் வேண்டும். தோண்டியெடுத்த கிழங்கையும் நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில், நீர் தேங்காத செம்மண்ணிலோ மணற்பாங்கான மண்ணிலோ நடலாம். 50 முதல் 60 கிராம் வரை எடையுள்ள கிழங்கு நன்று. கவட்டின் நுனியில்தான் முளை இருக்கிறது. பாவில் அறுந்த இழையை நாம் பிணைத்துக்கொள்ளலாம். முறிந்த முளையைப் பிணைக்க இயலாது. ஆகவே கிழங்கைக் குழந்தையைப் போல் கையாளுக. இலைநுனியே சுருண்டு பற்றி ஏறுமாதலால், கம்பிப்பந்தலோ முள்வேலியோ போதும். சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி வளைந்திருப்பதால், காலைவேளையில் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்தால் காய் மிகுதியாகப் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. இக்கொடியின் எல்லாப் பகுதிகளும், சிறப்பாகக் கிழங்கும் விதையும், கொடிய நஞ்சாகும். சர்க்கரைவள்ளியென எண்ணி உண்டோர் உயிரிழந்ததுண்டு. உண்ணும் கிழங்குகளோடு சேர்த்து இதனை ஒருபோதும் வைத்தலாகாது. கொல்லையில் வளர்ப்போர் குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாதவாறு வேலியிடுக. கிழங்கைத் தொட்டபின் கைகளை நன்கு கழுவுக.

இப்பயிரின் சாகுபடிச் செலவில் கிழங்கின் விலையே பெரும்பங்கு. எனவே உறங்கும் கிழங்கு நம் முதலாகும். அங்கத்தினர்கள் தத்தம் தேவையைச் சித்திரைக்குள் சங்கத்தில் பதிவு செய்து, ஒன்றுகூடிக் கிழங்கு வாங்கவும், விளைந்த விதையை ஒன்றாக விற்கவும் முற்பட்டால், தனித்தனியே பேரம் பேசி இழப்பதைத் தவிர்க்கலாம். அதுவரை, வாடிய கொடியைக் கண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்காதிருப்பதே நாம் செய்ய வேண்டிய பணியாகும்.