உலகம் அழிந்த பிறகும் மாறாத மனிதர்கள்

உலகப் போர் ஒன்று எத்தனை காலம் நடக்கும்? முதல் உலகப் போர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இரண்டாம் போர் ஆறு ஆண்டுகள் நீடித்தது. ‘தி பெட் சிட்டிங் ரூம்’ என்ற பிரிட்டிஷ் திரைப்படத்தில் மூன்றாம் உலகப் போர் 2 நிமிடம் 28 விநாடிகளில் முடிந்துவிடுகிறது. சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நேரமும் இதில் அடக்கம்! பிரிட்டனில் உயிர் தப்பியவர்கள் ஏறத்தாழ 20 பேர்தான்.

1969இல் வெளிவந்த இந்த நகைச்சுவைப் படத்தை இன்று நினைவில் வைத்திருப்போர் குறைவு.

மேடையிலிருந்து திரைக்கு

இந்தியாவின் அகமதுநகரில் 1918இல் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகனும் ஜான் அன்ட்ரோபசும் எழுதிய மேடை நாடகமே இதற்கு மூலம். 1962 பிப்ரவரியில் கேன்டர்பரியில் சிறு நாடகமாக அரங்கேறியது. அதே ஆண்டு அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே கொண்டு சென்றது. அடுத்த ஜனவரியில் நாடகம் விரிவாக்கப்பட்டு லண்டன் மெர்மெய்ட் அரங்கில் மேடையேறியது. எதிரியின் ஏவுகணை வருவதாக எச்சரிக்கை கிடைத்தால் நான்கு நிமிடமே அவகாசம் என்று பிரிட்டிஷ் மக்கள் பேசிக்கொண்ட காலம் அது.

பீட்டில்ஸ் குழுவினரை வைத்துப் படமெடுத்துப் புகழ்பெற்ற ரிச்சர்ட் லெஸ்டர் இதைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

அபத்தத்துக்குள் ஓர் ஒழுங்கு

லண்டனில் படுக்கை, இருக்கை எல்லாம் ஒரே அறைக்குள் அடங்கிய மலிவான வாடகை அறைக்குப் பெயர்தான் பெட் சிட்டிங் ரூம். படத்தில் ஒரு பிரபு, தாம் அப்படியோர் அறையாக மாறிவிடுவோமோ என்று அஞ்சி மருத்துவரிடம் போகிறார். அஞ்சியபடியே மாறியும் விடுகிறார். மனிதன் அறையாவது அபத்தம். ஆனால் அவரை வாட்டுவது அதுவன்று. பணக்காரர்கள் வாழும் பெல்கிரேவியாவில் இல்லாமல், பேடிங்டனில் அறையாகிவிட்டோமே என்பதுதான் அவருடைய வருத்தம்! வெள்ளையர் அல்லாதாருக்கு இடமில்லை என்ற அக்கால லண்டன் வீட்டுக்காரர்களின் வழக்கத்தையும் அவர் விடவில்லை.

மற்றவர்களும் அப்படியே. பிபிசி செய்தியாளர் வெறும் தொலைக்காட்சிப் பெட்டிச் சட்டத்துக்குப் பின்னால் அமர்ந்து செய்தி வாசிக்கிறார். பேரழிவுக்கு வித்திட்டதை அவர் ஒரு தவறான புரிதல் என்றே குறிப்பிடுகிறார். காவலர்கள் பலூனில் மிதந்துகொண்டு, நகர்ந்துகொண்டே இருங்கள் என்று மக்களை விரட்டுகிறார்கள். அரச வாரிசுகள் எவரும் இல்லாததால், மகாராணியிடம் வேலை பார்த்த துப்புரவுப் பெண் அரசியாகிறார்.

நாடே போய்விட்டது, அந்தஸ்தும் சட்டமும் பழக்கமும் மட்டும் போகவில்லை. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. அழுதிருக்க வேண்டிய மனிதர்கள் வழக்கமான வேலையைத் தொடர்கிறார்கள் என்பது புரியும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. கிளியாக மாறிய ஒரு தந்தையைப் பசித்தவர்கள் சமைத்துத் தின்னும் காட்சியும் படத்தில் உண்டு.

ஏன் ஓடவில்லை?

சர் ரால்ப் ரிச்சர்ட்சன், பீட்டர் குக், டட்லி மூர் என்று பெரிய நடிகர் பட்டாளமே இருந்தும் படம் தோல்வி கண்டது. தொடர்ச்சியான கதை இல்லை. மனத்துக்கு ஆறுதல் தரும் நாயகனும் இல்லை. உடைந்த தட்டுகளும் சேறும் நிறைந்த வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டே சிரிப்பது எளிதன்று. இதற்குப் பின் 1973இல் வெளிவந்த ‘தி த்ரீ மஸ்கடியர்ஸ்’ வரை லெஸ்டரின் வேறு படம் எதுவும் திரைக்கு வரவில்லை.

2009இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் இதை வட்டாக வெளியிட்டபோது புதிய ரசிகர்கள் கிடைத்தார்கள். அணு ஆயுதங்கள் இன்னும் உலகில் இருக்கின்றன. ஆபத்தைப் பற்றிப் பேசாமல் அன்றாட வேலையில் மூழ்கிவிடும் குணமும் மனிதனிடம் இருக்கிறது. அந்தக் குணத்தைக் கேலி செய்வதால்தான் இந்தப் பழைய படம் இன்றும் சுடுகிறது.