எந்தத் தராசு கட்டுபடியாகும்?

எலக்ட்ரானிக் தராசு வாங்கப் போகும் நம் வணிகர்கள் விலையைக் கேட்கிறார்கள், எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கிறார்கள். எத்தனை கிராமுக்கு ஒருமுறை எண் மாறும் என்று கேட்பவர் குறைவு. நஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

5 கிராம் கணக்கில் மாறும் 30 கிலோ தராசில் 100 கிராமுக்குக் குறைவாக நிறுக்கக் கூடாது, தகட்டிலேயே போட்டிருக்கும். அதில் 50 கிராம் ஏலக்காய் போட்டால் இரண்டரை கிராம் கூடவும் போகலாம், குறையவும் போகலாம். கூடினால் நம் கைப்பணம். குறைந்தால் வாடிக்கையாளரோடு வம்பு.

முதல் குறைவென்றால் 1 கிராம் கணக்குள்ள 10 கிலோ தராசு வாங்கலாம் என்பது நம் யோசனை. 20 கிராம் வரை நிறுக்கலாம். மூட்டைக்குப் பழைய பிளாட்பாரத் தராசே ஓடட்டும். இன்னும் கொஞ்சம் போட முடிந்தால் பேட்டரி நன்றாகத் தாங்குவதாகப் பாருங்கள். பில் அடிக்கும் தராசு கூட்டமுள்ள கடைக்கே கட்டுபடியாகும்.

எந்த விலையானாலும் முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். 2011ஆம் ஆண்டு விதிகளின்படி எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை. எடைக்கற்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை. (ஃபேனுக்கு நேர் கீழே வைத்துவிட்டுத் தராசைத் திட்டுவோரும் உண்டு!)

வாங்கும்போது 2 கிலோ முத்திரைக் கல்லைத் தட்டின் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் அந்தத் தராசு நமக்கு வேண்டாம்.