மருந்தில்லாத ஊசி: டிரை நீட்லிங் பற்றித் தெரிந்துகொள்வோம்

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் ஜும்ஆவில் கவனித்தால் தெரியும். தக்பீருக்குக் கையை முழுவதும் தூக்க முடியாமல் பாதியிலேயே கட்டிக்கொள்பவர்கள் இருப்பார்கள். வலை இழுத்து இழுத்தே தோள் போனவர்கள் அவர்கள். வளைகுடாவில் வருடக்கணக்கில் வண்டி ஓட்டிவிட்டு இடுப்பு வலியோடு ஊர் திரும்பியவர்கள் நாற்காலி வரிசையில் இருப்பார்கள். நம் வீட்டுப் பெண்களின் கழுத்து வலி, முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படி ஒரு சகோதரர் அண்மையில் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், தோள்ல ஊசி குத்தி வலியை எடுக்கிறாங்களாமே, அது ஹிஜாமாதானே? நோன்போட போகலாமா?" என்று கேட்டார். விசாரித்ததில் அவர் சொன்னது டிரை நீட்லிங் என்று தெரிந்தது. அது ஹிஜாமா அல்ல. ஹிஜாமாவில் தோலைக் கீறி இரத்தம் எடுக்கப்படுகிறது. டிரை நீட்லிங்கில் இரத்தம் எடுப்பது நோக்கமே இல்லை. சீன அக்குபங்சரும் அல்ல. ஊசி பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும், அக்குபங்சர் உடலின் சக்தி ஓட்டப் பாதைகளை வைத்துக் குத்துகிறது. இங்கே குத்துவது தசையில் விழுந்த முடிச்சில்.

ஓயாமல் ஒரே வேலை செய்யும் தசையில் சில இழைகள் இறுகி, விரலால் தடவினால் தட்டுப்படும் ஒரு திரளையாகிவிடுகின்றன. அதை அழுத்தினால் வலி வேறெங்கோ பாயும். தோள்பட்டையின் மேல் தசையில் முடிச்சு விழுந்தால் நெற்றிப்பொட்டில் தலைவலி வரும்; நாமோ தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டிருப்போம். முடியைவிடச் சற்றே தடித்த, துளையில்லாத ஊசியை அந்த முடிச்சில் இறக்கும்போது தசை ஒருமுறை வெட்டி இழுத்துவிட்டுத் தளர்கிறது. மருந்து எதுவும் ஏற்றுவதில்லை. 'டிரை', அதாவது உலர்ந்த ஊசி என்ற பெயர் அதனால்தான்.

இதன் வரலாற்றில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் வருகிறார். அவருடைய தீராத முதுகு வலிக்கு வைத்தியம் பார்த்தவர் ஜேனட் டிராவெல் என்ற பெண் மருத்துவர். இந்த முடிச்சுகளில் மரப்பு மருந்தை ஏற்றுவது அவருடைய முறை. பிறகு 1979இல் செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட், 241 நோயாளிகளைப் பார்த்து, வலியைக் குறைப்பதில் மருந்தைவிட ஊசி குத்துவதற்கே பெரிய பங்கு என்று எழுதினார். சரியான இடத்தில் பட்டபோது ஏறத்தாழ 87 சதவீதம் பேருக்கு வலி உடனே அடங்கியது என்பது அவர் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு அது. பின்னால் வந்த ஆய்வுகள் சொல்வது இன்னும் அடக்கமானது: சில நாட்கள், சில வாரங்கள் வலி குறைகிறது, நீண்ட காலப் பலனுக்கு வலுவான சான்று இல்லை. வலி குறைந்திருக்கும் அந்த நாட்களில் உடற்பயிற்சி செய்து தசையைப் பலப்படுத்துபவருக்கே முழுப் பயன். ஊசி மட்டும் குத்திக்கொண்டு வந்து படுத்தால் முடிச்சு திரும்பி வரும். முழங்கால் தேய்மானத்துக்கும் இதே நிலைதான். ஊசி மூட்டைச் சுற்றியுள்ள தசையைத்தான் தளர்த்துகிறது, தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது.

அந்தச் சகோதரர் சொன்ன இன்னொரு செய்திதான் நம்மை எழுத வைத்தது. இரண்டு நாள் வகுப்பு போய்வந்த ஒருவர் வீட்டிலேயே குத்துகிறாராம்; ஒருவருக்குக் குத்திய ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து அடுத்தவருக்கும் குத்தினாராம். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவும் வழி இது. ஊசி நம் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும், ஒருமுறையோடு குப்பைக்குப் போக வேண்டும். தோள், மேல்முதுகுப் பகுதியில் ஆழம் தவறினால் நுரையீரலில் பட்டு, சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓரிரு நாள் வலி, சிறு கன்றல் வழக்கமானவை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிசியோதெரபி பட்டம் பெற்று, இதற்கெனத் தனிப் பயிற்சியும் எடுத்தவரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பு என்பது அபூதாவூத், இப்னுமாஜாவில் வரும் நபிமொழியின் கருத்து. பெண்களுக்குப் பெண் சிகிச்சையாளரைத் தேடுங்கள். கிடைக்காதபோது மஹ்ரம் உடனிருக்க, தேவையான இடம் மட்டும் திறந்தால் போதும்.

நோன்பு விஷயத்துக்கு வருவோம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சத்து ஏற்றாத ஊசிகளால் நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. இதில் எதுவுமே ஏற்றப்படுவதில்லை. இரத்தம் வழிந்தோடினால் ஹனஃபி மத்ஹபில் ஒளு முறியும், ஷாஃபியில் முறியாது.

கை தூக்க முடியாத அந்தச் சகோதரரிடம் நாம் முதலில் சொன்னது வேறு. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். இடது தோள் வலி சில நேரம் இதயத்திலிருந்தும் வரும். ஆகவே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுத்துவிட்டு, அங்கேயே எலும்பு மருத்துவரைப் பாருங்கள், ஊசியைப் பிறகு பேசலாம் என்றோம். சர்க்கரை 260 இருந்ததாக மறுவாரம் வந்து சொன்னார்.