கொத்தனார் மகளோடு இரண்டு நாள்

மாசி மாதம், காலை ஆறே முக்கால் மணி. மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானும் என் தோழியும் நின்றிருந்தோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் செல்போனை உயர்த்திச் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் போன் மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்திருந்தது.

"கொஞ்சம் பொறுடி. வெயில் செவுத்துல ஏறட்டும்" என்றாள்.

அவளுக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. மதுரையில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் ஒன்றாக இருந்தோம். அவள் அப்பா சுண்ணாம்புச் சாந்தில் வேலை செய்த கொத்தனார். அம்மா தளம் தட்டப் போவார். கரண்டி, மட்டக்கோல், தூக்குக்குண்டு, ரசமட்டம் இவற்றுக்கு நடுவில் வளர்ந்தவள். நானோ சென்னைக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. இந்தக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகாத வாரம் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கு, இந்தக் கட்டடங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்தவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் பாடம் வெளிச்சம். சென்னைக்குக் கடல் கிழக்கே. மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் என்று காமராஜர் சாலையின் பழைய கட்டடங்கள் பலவும் கடலைப் பார்த்து நிற்பவை. அவற்றின் முகத்தில் வெயில் விழுவது காலையில்தான். மதியத்துக்கு மேல் சூரியன் பின்பக்கம் போய்விடும். வானம் வெளுத்து, கட்டடம் கறுத்துப்போகும். நான் இத்தனை வருடம் சாயங்காலம் பீச்சுக்கு வந்து எடுத்த படங்கள் எல்லாம் ஏன் மங்கலாக இருந்தன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. காலை வெயில் சுவரை உரசிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு செங்கல் வரியும் தனித்தனியாகத் தெரியும். வளைவுக்குள் நிழல் விழுந்து அதன் ஆழம் தெரியும். பாதி விளிம்பில் வெயில், பாதியில் நிழல் என்று இருக்கும் அந்த அரைமணி நேரம் போதும்.

இரண்டாவது பாடம் போனைப் பிடிக்கிற விதம். செனட் ஹவுஸின் மூலைக் கோபுரத்தை நான் பக்கத்தில் போய் அண்ணாந்து எடுத்தேன். படத்தைப் பார்த்தவள், "கோபுரம் பின்னாடி சாயுது பாரு, தூக்குக்குண்டு விட்டுக் கட்டினவன் பார்த்தா அழுவான்" என்றாள். போனை மேல்நோக்கிச் சாய்த்தால் நேராக நிற்கும் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவது போலப் பதிவாகும். எதிர்ப்பக்க நடைபாதைக்கு வந்து, போனைச் சுவரைப் போலவே செங்குத்தாகப் பிடித்து, திரையில் கட்டக் கோடுகளை வரவைத்து, கொஞ்சம் கிட்டே இழுத்து எடுத்தால் கோபுரம் நிமிர்ந்துவிடும். கீழே தார்ச்சாலை கொஞ்சம் அதிகமாக விழும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வெளிச்சம் ஏறுவதற்குள் ஒரு கதை. 1864-ல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் வரைபடம் கேட்டு அரசு போட்டி வைத்தது. ராபர்ட் சிஸோம் என்ற இளம் ஆங்கிலேயரின் வரைபடம் தேர்வானது. கல்லூரி 1870-ல் முடிந்தது. செனட் ஹவுஸை 1874-ல் தொடங்கி 1879-ல் முடித்தார்கள். பிற்பாடு இந்தோ சாரசெனிக் என்று பெயர் பெற்ற பாணிக்குச் சென்னையில் அடித்தளம் போட்டவர்களில் சிஸோம் முக்கியமானவர். பெயர்தான் கடினம், விஷயம் எளிது. கட்டடத்தின் உள்ளமைப்பு ஆங்கிலேயர்களுடைய அலுவலகத் தேவைக்கு ஏற்றது. மேலே குவிமாடமும் வளைவும் முகலாய, பைசாந்தியக் கட்டடங்களைப் பார்த்து வந்தவை. இடையிடையே தூண், துளைபோட்ட ஜாலித் தடுப்பு, இலை வேலைப்பாடு எல்லாம் இந்த மண்ணின் கைவேலை.

சிஸோமுக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை. அதில் ஹுமாயூன் மஹால், கலச மஹால் என்று இரண்டு பகுதிகள். 1855-ல் வாரிசில்லை என்று சொல்லி நவாப் பதவியை முடித்துவைத்த ஆங்கிலேயர்கள், பின்னர் அரண்மனையையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு மஹால்களுக்கும் நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பி அவற்றை இணைத்தவரும் சிஸோம்தான். இன்று சாலையிலிருந்து பார்த்தால் எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டடம் அதை மறைத்து நிற்கிறது. 2012 ஜனவரியில் கலச மஹாலில் தீப்பிடித்து, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அதன்பிறகுதான் இப்படியொரு அரண்மனை ஊருக்கு நடுவில் இருப்பதே பல பேருக்குத் தெரிந்தது. இரண்டு மஹால்களையும் பின்னர் சீரமைத்தார்கள். அது நல்ல காரியம்.

அன்று பத்து மணிக்கு வேறொரு பழைய அலுவலகத்தின் வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். நடைபாதையில் நின்று வாசல் வளைவை எடுத்ததற்காகக் காவலாளி போனை வாங்கி, எட்டுப் படங்களை அழிக்க வைத்தார். படம் எடுக்கக்கூடாது என்று அங்கே பலகை எதுவும் கிடையாது. மனசு கஷ்டப்பட்டது. கூடாது என்றால் பலகை வைக்கட்டும்; கூடும் என்றால் காவலாளிக்குச் சொல்லிவைக்கட்டும். மக்கள் பணத்தில் நிற்கும் கட்டடத்தை மக்கள் ரசிப்பதற்கு இந்தத் தெளிவாவது வேண்டும். உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டை போன்ற இடங்களில் கெடுபிடி இருப்பது நியாயம். அங்கெல்லாம் உள்ளே போனை எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

உயர்நீதிமன்றத்தை வெளியிலிருந்தே பார்த்தோம். பிராஸிங்டன் தொடங்கிவைத்த வரைபடத்தை ஹென்றி இர்வின் முடித்துக் கொடுக்க, 1892-ல் திறந்த கட்டடம். அதன் உயரமான கோபுர உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. இப்போது மெரினாவில் இருக்கும் கலங்கரை விளக்கம் வந்த பிறகு அது ஓய்வு பெற்றது. அதே வளாகத்தில் 1844-ம் ஆண்டின் பழைய விளக்குத் தூணும் நிற்கிறது. தோழி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கட்டினது யாரு?" என்றாள். இர்வின் என்றேன். "அவர் வரைஞ்சவர். கட்டினது?"

தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. இந்தப் பெயரை நான் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. உயர்நீதிமன்றம், சட்டக் கல்லூரி, எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் சிவப்புக் கற்கட்டடம் என்று நகரத்தின் அழகான கட்டடங்கள் பலவற்றுக்கு ஒப்பந்தக்காரர் அவர். ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டியவர் சாமிநாத பிள்ளை. அவர்களுக்குக் கீழே சாரம் கட்டியவர்கள், சாந்து அரைத்தவர்கள், வளைவுக்கு அடியில் மரச்சட்டம் வைத்து ஒவ்வொரு கல்லாகச் சேர்த்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் கை வேலை மட்டும் சுவரில் இருக்கிறது. அன்றிலிருந்து நான் முழுக் கட்டடத்துக்கு ஒரு படம் எடுத்தால், கைவேலைக்கு மூன்று படம் எடுக்கிறேன்.

மறுநாள் எழும்பூர் ஆண்ட்ரூஸ் தேவாலயம். இந்த இரண்டு நாளில் என்னை அதிகம் கட்டிப்போட்டது இதுதான். 1821-ல் திறந்தது. தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் பொறுப்பில் எழும்பிய கோயில். அலுவலகத்தில் அனுமதி கேட்டு உள்ளே போனதும், அவள் வட்டமான கூடத்தின் நடுவே போய் அண்ணாந்து நின்றாள். மேலே நீல வானம், அதில் பொன் நட்சத்திரங்கள் தீட்டிய குவிமாடம். சுற்றி 16 தூண்கள். 51 அடி குறுக்களவுள்ள அந்தக் குவிமாடத்தைக் கரையான் அரிக்கக்கூடிய மரத்தில் செய்யாமல் செங்கல்லிலேயே வளைத்து மூடியிருக்கிறார்கள். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் எல்லாவற்றையும் விழாமல் நிறுத்துகிறது. அந்தப் பாரம் கீழே இறங்கும்போது தாங்குவதற்கு நிலம் உறுதியாக இருக்க வேண்டுமே? இந்த இடமோ சதுப்பு.

அதற்கு டி ஹாவிலண்ட் எடுத்த வழி நம்மூர்க் கிணற்று வேலை. சுமார் 150 கிணறுகளை ஆழத்துக்கு இறக்கி, அவற்றை நிரப்பி, அவற்றின் மேல்தான் மொத்தக் கோயிலையும் உட்கார வைத்தார்கள். மணற்பாங்கான ஊர்களில் உறைகிணறு இறக்கும் வித்தை தலைமுறை தலைமுறையாக இருந்ததுதான். காலுக்குக் கீழே நூற்றைம்பது கிணறு இருக்கிறது என்று சொன்னதும் அவள் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அங்கே அவள் சொன்ன சுண்ணாம்புக் கதையை அப்படியே தருகிறேன். அவள் அப்பா காலத்தில் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைவார்களாம். கடைசிப் பூச்சுக்கு நைஸாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். பூசியது காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கை விட்டால் போச்சு. சென்னையிலும் இதே வேலைதான். கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு இங்கே பேர்போனது. 1780-களில் வந்த ஆங்கில ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கடலிலிருந்து பார்த்த சென்னைக் கட்டடங்களின் மினுமினுப்பைப் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதினார். அவர் பார்த்தது கொத்தனார்கள் தேய்த்த சுண்ணாம்பு.

ரிப்பன் மாளிகைக்குப் பகலில் போனோம். தெற்கு பார்த்த கட்டடம் என்பதால் மாசி வெயில் நாள் முழுக்க முகத்தில் இருக்கும். 1913-ல் திறந்த இந்த வெள்ளை மாளிகையைப் போன் தானாக எடுத்தால் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையில் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும்.

பசி வந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டில் நடக்கும் மெஸ்ஸில் உட்கார்ந்தோம். சாம்பார் வருவதற்குள் அவள் மேலே பார்த்து, "ஏய், இங்க பாருடி" என்றாள். வரிசையாக மரக்கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சாய்வாக அடுக்கியிருந்தார்கள். மெட்ராஸ் ஒட்டு. நகரத்தின் பெயரையே தாங்கிய கூரை. கட்டைகளின் மேல் அந்தச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக ஒட்டிக்கொண்டே வருவார்கள். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். கம்பியும் சிமெண்டும் இல்லாமல் வீடு குளிர்ச்சியாக இருக்கும்.

"எங்கம்மா கை ரெண்டும் காப்புக் காய்ச்சி இருக்கும். அது இதுனாலதான்" என்றாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மெஸ்காரரிடம் கேட்டுவிட்டு, நாற்காலி மேல் ஏறி அந்தக் கூரையைப் பன்னிரண்டு படம் எடுத்தாள். செங்கல் அளவு தெரிய ஒரு படத்தில் தன் கட்டைவிரலையும் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டை இந்த வருடம் இடித்து அடுக்குமாடி கட்டப் போவதாக அவர்தான் சொன்னார்.

நீதிமன்றமும் மாளிகையும் பத்திரமாக இருக்கும். அவற்றைப் பாதுகாக்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஒரு மெட்ராஸ் ஒட்டு வீடு இடிபடப் போகிறது என்று தெரிந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டு உள்ளே போய், கூரையை அடியிலிருந்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். தேதியும் தெருப் பெயரும் எழுதிவையுங்கள். அதைக் கட்டியவர்கள் உயிரோடு இருந்தால் அவர்கள் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.