பெரிய மீன் தொட்டிக்கு ஏற்ற வடிகட்டியும் பம்பும்

கறவை மாடு, நாட்டுக்கோழி போல வண்ண மீன் வளர்ப்பும் சிறு விவசாயிகளுக்கு ஏற்ற ஓர் உபதொழிலாகும். சென்னை கொளத்தூர்ப் பகுதியில் பல குடும்பங்கள் இதையே குடிசைத் தொழிலாகச் செய்து வருகின்றன. கப்பி, மோலி போன்ற மீன்களைச் சிறு தொட்டிகளில் வளர்த்துப் பழகியவர்கள், தாய் மீன்களைப் பராமரிக்கவும், விற்பனைக்குத் தயாரான மீன்களை வைத்திருக்கவும் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைக்க விரும்புகிறார்கள். தொட்டிக்கும் மீனுக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, வடிகட்டியையும் பம்பையும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி மாட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. சில நாட்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சாகின்றன. நோய் என்று எண்ணி மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் நோய் மீனில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது.

ஆறு மாதம் வளர்த்த தாய் மீன்கள் ஓர் இரவில் போய்விட்டால் அந்தப் பருவத்தின் குஞ்சும் போயிற்று, வருமானமும் போயிற்று. ஆகவே வடிகட்டியும் பம்பும் வாங்குமுன் சில விவரங்களைத் தெரிந்து கொள்வது நல்லது.

வடிகட்டி செய்யும் வேலை

வடிகட்டி என்றதும் தண்ணீரைத் தெளிவாக்கும் சாதனம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகலாம்.

மீன் தின்னும் தீவனத்தில் உள்ள புரதம் செரித்த பிறகு, அதன் கழிவு அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. மிஞ்சிய தீவனமும் சாணமும் அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. இது கண்ணுக்குத் தெரியாது. வயலுக்கு யூரியா இட்டால் மண்ணில் அது அம்மோனியாவாக மாறி, பிறகு மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது என்பதை விவசாயிகள் அறிவார்கள். அதே வகை நுண்ணுயிர்கள்தான் வடிகட்டியிலும் வேலை செய்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து வாழ்வதைவிடச் சரளை, ஸ்பாஞ்சு, குழாய்த் துண்டு போன்றவற்றின் மேல் ஒட்டிக்கொண்டே நன்கு பெருகும். அவற்றுக்கு இடமும் வேண்டும், பிராணவாயுவும் வேண்டும். வடிகட்டி என்பது உண்மையில் இந்த உயிர்களுக்கு நாம் கட்டிக் கொடுக்கும் வீடு. பம்பு என்பது அவற்றுக்கு உணவையும் காற்றையும் கொண்டு சேர்க்கும் வண்டி.

ஒரு கணக்கு

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக் கொள்வோம். இது 24 கன அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர் என்பதால் முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 680 லிட்டர். மேலே சிறிது இடம் விட்டு, கற்களுக்கும் போக 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். தண்ணீர் மட்டும் 600 கிலோ எடை என்பதால் தாங்கியும் தரையும் உறுதியாக இருக்க வேண்டும்.

இதில் மொத்தம் ஒரு கிலோ எடையுள்ள தங்க மீன்கள் இருப்பதாகவும், நாளொன்றுக்கு 20 கிராம் தீவனம் போடுவதாகவும் வைத்துக் கொள்வோம். 35 சதவீதம் புரதம் உள்ள தீவனம் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கிராம் அம்மோனியா வெளிப்படும். அப்படியானால் 20 கிராம் தீவனத்துக்கு 0.6 கிராம், அதாவது 600 மில்லிகிராம். 600 லிட்டர் தண்ணீரில் இது லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகிறது. இது ஒரே நாளில் சேர்வது.

இந்த அம்மோனியா முழுவதும் கொடிய விஷமல்ல. தண்ணீரின் கார அமில நிலையைப் பொறுத்து அதில் ஒரு பகுதிதான் கடும் விஷ வடிவில் இருக்கும். நம் ஊர் வெப்பமான 30 டிகிரியில், கார அமில நிலை 7 ஆக இருந்தால் விஷப் பகுதி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆக இருந்தால் நூற்றில் 7 பங்குக்கு மேல். 9 ஆனால் ஏறக்குறைய பாதி. விஷப் பகுதி லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள் பாதிக்கத் தொடங்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் காரமாகவே இருப்பதால், வடிகட்டி இல்லாத தொட்டியில் ஒரே நாளில் ஆபத்து எல்லையைத் தொட்டுவிடலாம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஆகவே வடிகட்டியின் அளவை மீனின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் முடிவு செய்யக்கூடாது. அன்றாடம் எத்தனை கிராம் தீவனம் விழுகிறது என்பதையே முக்கியமாகக் கொள்ள வேண்டும்.

எந்த வடிகட்டி ஏற்றது?

ஸ்பாஞ்சு வடிகட்டி: விலை குறைவு. காற்றுப் பம்பினால் இயங்குவது. குஞ்சுகளை உறிஞ்சிக் கொல்லாது என்பதால் குஞ்சுத் தொட்டிகளுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. பெரிய தொட்டிக்கு ஒன்று போதாது. இரண்டு மூன்று வைக்க வேண்டியிருக்கும்.

அடிச்சரளை வடிகட்டி: துளையிட்ட தட்டின் மேல் சரளை பரப்பி, தண்ணீரைச் சரளை வழியே இழுப்பது. ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்யும். நாளடைவில் சரளைக்கு அடியில் சேறு அடைத்துக் கொள்ளும். சரளையைக் கிளறும் தங்க மீனுக்கு இது ஏற்றதல்ல.

மூடிய டப்பா வடிகட்டி: தொட்டிக்கு வெளியே மூடிய கலத்தில் பம்பும் வடிபொருளும் சேர்ந்திருப்பது. சத்தம் குறைவு, இடமும் குறைவு. ஆனால் விலை அதிகம். மின்சாரம் பல மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும். மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். மின்வெட்டு நீண்டிருந்தால் கலத்தைத் திறந்து, நீரைக் கொட்டி, வடிபொருளை அலசிய பிறகே ஓட்ட வேண்டும்.

கீழ்த்தொட்டி வடிகட்டி: பெரிய தொட்டிக்கு மிகவும் பொருத்தமானது இதுவே. தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே உள்ள தொட்டியில் அல்லது பீப்பாயில் விழுகிறது. அங்கே வடிந்த தண்ணீரைப் பம்பு மேலே ஏற்றுகிறது. திறந்த அமைப்பாதலால் தண்ணீர் விழும்போதே காற்று கலக்கிறது. சுத்தம் செய்வதும் எளிது. 50 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய்கள் இரண்டைக் கொண்டு வீட்டிலேயே அமைத்துக் கொள்ளலாம்.

முதல் பீப்பாயில் சாணமும் தூசியும் தங்கும்படி ஸ்பாஞ்சு அல்லது நைலான் வலை வைக்க வேண்டும். இரண்டாவதில் நுண்ணுயிர்கள் வாழக் கழுவிய கூழாங்கல், நறுக்கிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போன்றவற்றை நிரப்பலாம். இந்த வரிசையை மாற்றக்கூடாது. அழுக்கு முதலில் வடியாவிட்டால் கூழாங்கல் சேறு பூசி, நுண்ணுயிர்கள் மூச்சு முட்டும்.

கிளர்வூட்டிய கரி வைப்பது கட்டாயமல்ல. மருந்து போட்ட பிறகு அதை நீக்கவும், தண்ணீரின் நிறத்தைப் போக்கவும் மட்டும் சில நாட்கள் வைத்து எடுத்துவிடலாம். அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது.

பம்பு தேர்வு

கிணற்று மோட்டார் வாங்கும்போது ஹெட் எவ்வளவு என்று கேட்காத விவசாயி இல்லை. மீன் தொட்டிப் பம்புக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பெட்டியின் மேல் மணிக்கு 3000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், அது தண்ணீரை உயரத் தூக்காமல் கிடைக்கும் அளவு. அருகிலேயே அதிகபட்ச ஹெட் 2.5 மீட்டர் என்றிருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று பொருள். இடைப்பட்ட உயரத்தில் இடைப்பட்ட அளவு வரும்.

கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல் தொட்டியில் தண்ணீர் விழும் இடம் வரை உயரத்தை அளக்க வேண்டும். சாதாரணமாக இது 4 அடிக்கு மேல் இருக்கும். குழாயின் வளைவுகளும் வேகத்தைக் குறைக்கும். அப்படியானால் அந்தப் பம்பு தருவது ஏறக்குறைய பாதிதான்.

மீன் நெருக்கமாக உள்ள தொட்டியின் தண்ணீர் மணிக்கு 4 முறை வடிகட்டி வழியே சுற்றி வருவது நல்லது. 600 லிட்டருக்கு 2400 லிட்டர் ஆகிறது. எனவே மேற்சொன்ன உயரத்துக்கு, 4000 முதல் 5000 லிட்டர் வரை எழுதியுள்ள பம்பைப் பார்க்க வேண்டும். வாங்கிப் பொருத்திய பிறகு ஒரு சோதனை செய்யலாம். மேலே விழும் தண்ணீரை 20 லிட்டர் வாளியில் பிடிக்க வேண்டும். வாளி 30 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 2400 லிட்டர் வருகிறது. ஒரு நிமிடம் ஆனால் 1200தான்.

மின்செலவையும் கணக்கிட வேண்டும். பம்பு இரவு பகலாக ஓட வேண்டியது. 40 வாட் பம்பு மாதத்துக்குச் சுமார் 29 யூனிட் எடுக்கும். 100 வாட் பம்பு 72 யூனிட் எடுக்கும். விலை சற்றுக் குறைவென்று அதிக வாட் பம்பை வாங்கினால், மிச்சமான பணம் மின்கட்டணத்தில் போய்விடும். ஒரே லிட்டர், ஒரே ஹெட் தரும் இரண்டு பம்புகளில் வாட் குறைந்ததே லாபம்.

பல சிறு தொட்டிகள் வைத்திருப்போருக்கு நீர்ப் பம்பைவிட ஒரு காற்று ஊதியும், தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்சு வடிகட்டியுமே சிக்கனம். காற்று எப்போதும் ஆழம் குறைந்த தொட்டியையே தேடிப் போகும். ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் ஒரு திருகு வால்வு வைத்துச் சமன் செய்ய வேண்டும்.

மின்சாரம் நின்றால்

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சமாக 7.5 மில்லிகிராம் பிராணவாயுவையே தாங்கும். பம்பு நின்றால் இது வேகமாகக் குறையும். வெளிக்காற்றைச் சுவாசிக்கும் கௌராமி போன்ற மீன்கள் ஓரளவு தாங்கும். தங்க மீன் அவ்வளவு தாங்காது. மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைத் தயாராக வைத்திருப்பது தாய் மீன் விலையைப் பார்க்கும்போது பெரிய செலவல்ல. அதுவும் இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரையே குவளையில் மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் வரும்வரை தீவனம் போடக்கூடாது.

பம்பு நின்றதும் மேல் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கும். 6 அடிக்கு 2 அடி தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 28 லிட்டர். கீழ்த்தொட்டியில் அதற்கு இடம் இல்லாவிட்டால் வீடெல்லாம் தண்ணீர்தான். தண்ணீர் ஏறும் குழாயின் முனை நீருக்குள் இருந்தால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட வேண்டும். நீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும். காற்றுப் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்ட வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் பாதுகாப்புச் சாதனம் அவசியம். மின்கம்பி பிளக்கை அடையுமுன் கீழ்நோக்கித் தொங்கும்படி விட்டால், கம்பி வழியே இறங்கும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை வைக்குமுன் ஸ்விட்சை நிறுத்தியாக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. புதிய வடிகட்டியில் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை சில மீன்களை மட்டும் விட்டு, தீவனத்தைக் குறைத்து, அடிக்கடி தண்ணீரை மாற்ற வேண்டும். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சு ஒன்றைப் புதியதில் வைத்தால் இக்காலம் குறையும்.

2. ஸ்பாஞ்சையும் கூழாங்கல்லையும் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அலசாமல் பாதிப் பாதியாகச் செய்ய வேண்டும்.

3. ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாக இருக்கும். ஒரு நாள் தொட்டியில் தேக்கி, காற்று செலுத்திய பிறகே மீனுக்கு விட வேண்டும்.

4. மழைநீர் போன்ற மென்னீரைப் பயன்படுத்துவோர் வடிகட்டியில் கொஞ்சம் கிளிஞ்சல் போட்டு வைக்கலாம். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மை செலவாகிறது. அது தீர்ந்தால் அவற்றின் வேலையும் நின்றுவிடும்.

5. நைட்ரேட்டை வடிகட்டி நீக்காது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். 600 லிட்டர் தொட்டியில் இது 150 லிட்டர்.

இந்த 150 லிட்டரைச் சாக்கடையில் விட வேண்டியதில்லை. பயிர் எடுத்துக் கொள்ளும் தழைச்சத்து அதில் கரைந்திருக்கிறது. கீரைப் பாத்திக்கும், அவரைப் பந்தலுக்கும், வாழைக்கும் பாய்ச்சலாம். உப்போ மருந்தோ போட்ட தண்ணீரை மட்டும் செடிகளுக்கு விடக்கூடாது.

முதலில் தீவனக் கணக்கு, அதற்கேற்ற வடிகட்டி, அதற்கேற்ற பம்பு என்ற வரிசையில் திட்டமிட்டு, மீனைக் கடைசியாக வாங்குவோருக்கு வண்ண மீன் வளர்ப்பில் நஷ்டம் குறையும்.