சுத்தியல் கீழே, நாங்கள் மேலே



ஒழுகும் கூரையின் கீழ் இரவு முழுவதும் சட்டி பானைகளை இடம் மாற்றி வைத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். லிந்துலையில் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை இலேசில் விடாது. அந்த மழைக்கு முன் ஒரு லயக் காம்பராவின் கூரையைத் திருத்தப் போய் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

காம்பரா, எனக்குப் பழக்கமான ஓர் அக்காவின் தாயாருடையது. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. அக்காவும் சிறு வயதில் உறவினரோடு கிளிநொச்சிக்குப் போனவர். 2009இல் கணவரை இழந்தார். 2013இல் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டம் கட்டமாகக் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவில், மேசனோடு கூட நின்று வீடு கட்டினார். அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு, படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்க்க லிந்துலைக்குத் திரும்பியிருந்தார்.

கூரைத் தகரம் இரண்டு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. வேலைக்காரருக்குக் கூலி கொடுக்க வழியில்லை. "நாமே செய்வோம் அக்கா" என்றேன். நான் சமூகவியல் படித்தவள். பெண்கள் சொந்தக் காலில் நிற்பது பற்றிக் கூட்டங்களில் பேசுபவள். ஆனால், நான் ஆணி அடித்தது கலண்டர் மாட்ட மட்டுமே!

அளவு நாடாவை வீட்டில் மறந்துவிட்டேன். முழம் போட்டு அளந்தோம். வாங்கி வந்த தகரம் ஒரு சாண் குறைந்தது. மாற்றி வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விட்டது.

அக்கா மேலே ஏறினார். நான் ஏணியைப் பிடித்தேன். அப்போதுதான் சுத்தியல் இஸ்தோப்பில் கிடப்பது தெரிந்தது. "கொஞ்சம் இருங்க அக்கா" என்று ஓடினேன். ஈர மண்ணில் ஏணி சறுக்கியது. அக்கா கூரை மரத்தைப் பிடித்துத் தொங்கினார். அயல் காம்பராத் தம்பிமார் ஓடி வந்து இறக்கினார்கள். துருத்தகரம் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏற்பு ஊசி போட்டு வந்தோம். அந்த வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவரே. விழுந்திருந்தால்? அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் வேலையை முடித்தோம். மழை வந்தது, முன்னைவிட அதிகமாக ஒழுகியது! அடுத்த காம்பரா ஐயா பார்த்துச் சிரித்தார். "தண்ணி ஓடுற பள்ளத்துல ஆணி அடிச்சா ஒழுகாம என்ன செய்யும்? மேட்டுல அடிக்கணும் புள்ள, ரப்பர் வாசரும் போடணும்" என்றார். பள்ளத்து ஓட்டைகளைத் தாரால் அடைத்து மீண்டும் அடித்தோம்.

"கூட்டத்துக்கெல்லாம் லிஸ்ட் போடுறீங்களே மிஸ், இதுக்கு ஏன் போடல?" என்று அக்கா கேட்டார். "கிளிநொச்சியில அது ஓட்டுக் கூரை, மேசன் ஏறினார், நான் பார்த்துக்கிட்டு நின்னேன். தகரம் எனக்கும் புதுசு. தெரிஞ்சவங்கள முதல்லயே கேட்டிருக்கலாம்."

அன்றே இருவரும் எழுதினோம்: அளவு நாடா, சுத்தியல், குறடு, ஆணி, வாசர், கையுறை, கயிறு. ஏற முன் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஏணி பிடிப்பவர் எதற்காகவும் கையை எடுக்கக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். ஈரக் கூரையில் ஏறக் கூடாது. லயத்தில் கூரை ஒன்றே என்பதால் அயலவருக்கு முன்பே சொல்ல வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் இன்னும் கவனம் தேவை. பழைய தகடு பாரம் தாங்காது உடையும். அதன் மேல் கால் வைக்காதீர்கள். அதன் தூசு புற்றுநோயை உண்டாக்கும். உலர்ந்த தகட்டை அறுக்கவோ, துண்டுகளைக் கூட்டிப் பெருக்கவோ வேண்டாம். அந்த வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

நம் வீட்டை நாமே திருத்தலாம். கேட்டுப் படித்து, எண்ணிப் பார்த்து ஏறுவோம். அக்காவின் காம்பராவில் அந்தப் பட்டியல் இப்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இந்த மழைக்குச் சட்டி அடுப்பில்தான் இருந்தது.